மக்காச்சோளம் தின்ற புறா

எனக்கு முடிச்சுப் போடத் தெரியாதாம். சொன்னவன் என் கூடப் பிறந்த அண்ணன் சிப்ரியான். ஒன்பது வருடமாக எங்கள் வேட்டைக் குடிலில் பார்வைப்புறாக்களைக் கட்டுகிறவள் நான். ஒரு முடிச்சு அவிழ்ந்ததில்லை.

அக்டோபர் வந்தால் எங்கள் லாந்து காட்டுப் பகுதி ஆண்களுக்குப் பித்துப் பிடித்துவிடும். காட்டுப்புறாக்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போகும். எங்கள் ஆட்கள் பெரணித் தழையால் மூடிய குடிலுக்குள் ஒரு மாதம் உட்கார்ந்து கிடப்பார்கள். ஓக் மரத்து உச்சியில் பழக்கிய புறாக்களை, அதாவது பார்வைப்புறாக்களை, கட்டி வைத்திருப்போம். கீழிருந்து கயிற்றைச் சுண்டினால் அவை சிறகடிக்கும். போகிற கூட்டம் அதைப் பார்த்து இறங்கும். அந்தக் கயிறுகளைப் பிடிக்கிறவள் நான்தான், மாய்லிஸ். இந்தப் பக்கத்துக் குடில்களில் கயிறு பிடிக்கிற ஒரே பெண். மற்ற பெண்களுக்கு அடுப்போடு சரி. எனக்கு அடுப்பும் உண்டு, அது வேறு கதை.

எங்கள் குடிலுக்குச் சட்டம் உண்டு. பறக்கிற புறாவைச் சுடக் கூடாது. உட்கார்ந்த பிறகு, யார் எதைச் சுடுவது என்று கிசுகிசுத்துச் சொல்லிக்கொண்டு, குடில் தலைவர் ஃபிர்மேன் மாமா மூன்று எண்ணியதும் எல்லோரும் சேர்ந்து சுட வேண்டும். தனியாக இருக்கும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது. பார்வைப்புறாவைத் தொலைத்தவர் அந்த சீசனில் கயிற்றைத் தொடக் கூடாது.

அன்று காலை ஏழு புறா விழுந்தது. மத்தியானம் நான் காய் பிடுங்க வீட்டுத் தோட்டத்துக்குப் போனேன். ஃபிர்மேன் மாமாவும் குடிலின் மற்ற இரண்டு ஆட்களும் பெரணி வெட்டப் போயிருந்தார்கள். கேரட், லீக்ஸ், சின்ன வெங்காயம் எல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு திரும்பினேன். உச்சிக் கொப்பில் என் மார்கோ இல்லை. குஞ்சிலிருந்து என் கையால் ஊட்டி வளர்த்த பறவை. முடிச்சு அவிழ்ந்து பறந்துவிட்டது என்று சிப்ரியான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான். திரும்பி வந்த ஃபிர்மேன் மாமா தாடியைச் சொறிந்தார். நாளையிலிருந்து கயிறு சிப்ரியான் கையில், உனக்கு சமையல் மட்டும் என்றார். என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

புறாக்களை உரிக்க உட்கார்ந்தேன். வேட்டைக் கூடையில் எட்டு இருந்தது. இறகு பிடுங்கினேன். கழுத்துப் பையைக் கீறினால் ஒவ்வொன்றிலும் ஓக் கொட்டை. இந்த மாதத்தில் காட்டுப்புறா தின்பது அதைத்தான். ஆறாவது புறாவைக் கீறினேன். மஞ்சள் மஞ்சளாக மக்காச்சோளம் கொட்டியது. விடியற்காலையில் நான் கொடுத்த தீனி. புறாவின் காலைத் திருப்பிப் பார்த்தேன். கொப்போடு கட்டும் தோல்வார் உரசித் தேய்ந்த தடம்.

அழவில்லை. மற்ற ஏழு புறாக்களையும் வதக்கி, காய்களைப் போட்டு, சிவப்பு ஒயினை ஊற்றி, இரண்டு மணி நேரம் வேகவிட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே நான்கு பேரையும் மேசைக்குக் கூப்பிட்டேன். மூன்று பேருக்குக் குழம்பு பரிமாறினேன். சிப்ரியான் தட்டில் மார்கோவைப் பச்சையாக வைத்து, பக்கத்தில் சோளத்தைக் கொட்டினேன்.

சிப்ரியான் காது சிவந்துவிட்டது. தனியாக ஒரு புறா மார்கோ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததாம், கை சும்மா இருக்கவில்லையாம், எது எதுவென்று தெரியாமல் சுட்டுவிட்டானாம்.

"அதுக்கு இப்ப என்னங்கறே? ஒரு புறாதானே," என்றான்.

நான் மாமா பக்கம் திரும்பினேன். "மாமா, நாளைக்குக் கயிறு யார் கையில?" என்று கேட்டேன்.

ஃபிர்மேன் மாமா ஒரு கேரட்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார். "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்மா. ஆம்பளைய நாலு பேர் முன்னாடி தலைகுனிய வைக்கக் கூடாது. அடுத்த வருஷம் பாப்போம். குழம்பு பிரமாதம்."

பிரமாதமாம்! அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நான் வெளியே போனேன். மிச்சம் இருந்த நான்கு பார்வைப்புறாக்களையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். முட்டையிலிருந்து வந்த நாள் முதல் என் வீட்டுத் தீனி தின்றவை. கூடையில் போட்டு மூடினேன். சிப்ரியான் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான்.

"ஏய், எங்க தூக்கிட்டுப் போற? நாளைக்குப் பெரிய கூட்டம் வரும்டி. மரத்துல எதைக் கட்டறது?"

"நீ ஏறி உக்காந்து சிறகடி அண்ணே. மாமா கயிறு பிடிப்பாரு."