குறுப்பு சார் ஏறிய படகு

1

இந்தக் கதை எனக்குப் புன்னூஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. கரிமீன் பொரித்திருந்தார்கள். அதற்கும் நான் எழுதப்போவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதல் வரி: 'குட்டநாட்டில் ஒரு கரைச்சுவர் காயலுக்குள் சரிந்தது.' சுவருக்காக யார் அழப்போகிறார்கள்? அடித்துவிட்டேன். 'காண்டிராக்டர் புன்னூஸுக்குத் தூக்கம் போய்விட்டது.' இது தேவலை.

சுவர் சரிந்ததற்கு, அதைக் கட்டும் வேலையைக் கொடுத்த பாசன இலாகா புன்னூஸின் வேலையைக் குறை சொன்னது. புன்னூஸ் இலாகாவின் வரைபடத்தைக் குறை சொன்னார். தோற்றால் கறுப்புப் பட்டியல். பிறகு கோழிக்கூடு கட்டக்கூட ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். தகராறு வந்தால் நடுவரை இலாகாவே நியமிக்கும் என்பது ஒப்பந்தம். நியமித்தது. அதே இலாகாவில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற தாமோதரக் குறுப்பை.*

* கையெழுத்துப் போடும்போது புன்னூஸ் அந்த வரியைப் படிக்கவில்லையா என்று கேட்பீர்கள். படித்தார். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒரே ஒப்பந்தம்தான்.

2

குறுப்பைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். பாழாய்ப்போன மனிதர் ஒத்துழைக்கவில்லை. சுவரைப் பார்க்கப் போகும் நாளில், படகுத்துறையில் புன்னூஸ் நீட்டிய இளநீரைக்கூட அவர் தொடவில்லை. புன்னூஸின் படகிலும் ஏற மறுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க புன்னூஸே. நான் நடுவர். ஒரு கட்சிக்காரரோட படகுல நான் வரக்கூடாது."

சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற இலாகா படகில் ஏறிக்கொண்டார். அதில் செயற்பொறியாளர் பிந்து வரைபடத்தோடு காத்திருந்தார்.

"அப்போ அது யாரோட படகு சாரே?" என்றார் புன்னூஸ்.

குறுப்புக்குக் கேள்வியே புரியவில்லை.

"இதுவா? இது நம்ம படகுதானே?"

கிண்டலாகச் சொல்லவில்லை, மனதார நம்பிச் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரம். அயோக்கியராக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருப்பேன்.

3

முன்னால் இலாகா படகு, பின்னால் புன்னூஸ். பிந்து வரைபடத்தை விரித்து வழியெல்லாம் ஏதோ விளக்கினார். குறுப்பு தலையாட்டிக்கொண்டே போனார். என்ஜின் சத்தத்தில் இங்கே ஒரு சொல்லும் கேட்கவில்லை.

படகோட்டி குஞ்ஞுமோன் பீடியைப் பற்றவைத்தார். "முதலாளி, தீர்ப்பு முன்னாடி போயிட்டிருக்கு. நாம சும்மா பின்னாடி போறோம்."

புன்னூஸ் சிரிக்கவில்லை. முகத்தில் தெறித்த காயல் தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை.

(இங்கே ஒரு வாக்கியம் இருந்தது: 'மழைக்கு முன் முடிக்கிற அவசரத்தில் புன்னூஸ் சுவருக்கு அடியில் தென்னைமரக் கம்பங்களைச் சொன்ன ஆழத்துக்கு அடிக்காமல்—' வேண்டாம். கதையின் ஓட்டத்தைக் கெடுக்கிறது.)

4

முடிவுக்கு வருவோம். குறுப்பு இலாகா பக்கமே தீர்ப்பளிக்கிறார் என்று எழுதிப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்ததை எழுத நான் எதற்கு? திரும்பும்போது குறுப்பு மனம் மாறிப் புன்னூஸின் படகில் ஏறுகிறார் என்று வேறொன்று எழுதி, புன்னூஸ் வீட்டில் படித்துக் காட்டினேன். இன்னொரு மீன் வைத்தார்கள்.

ஆகவே தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள். நீங்கள் எந்த இலாகாவிலும் ஓய்வுபெற்றவர் இல்லை, யார் கையாலும் இளநீர் வாங்கிக் குடிக்கவில்லை. உங்களைவிட நல்ல நடுவர் புன்னூஸுக்கு எங்கே கிடைப்பார்?

பிந்து அப்படி என்னதான் சொன்னார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டிருக்கும்? துறையிலிருந்து நீங்களும் நம்ம படகில்தானே வந்தீர்கள்.