பரஸ்தானம் போன பை

1
இந்தக் கதை என்னுடையதில்லை. செங்கல்பட்டு மின்சார ரயிலில் காதில் விழுந்தது. "எங்களுக்கு முன்னாடி எங்க பை ராக்கெட் பாக்கப் பூடுச்சு" என்று ஒரு அம்மாள் போனில் சொன்னார். அதற்குள் என் ஸ்டேஷன் வந்து தொலைத்தது. மீதியெல்லாம் கற்பனை; கோர்ட்டுக்கு இழுக்காதீர்கள்.

2
முதல் ஆரம்பம்: 'கொளவாய் ஏரியின் மேல் பொன்னிறக் கதிர்கள்...' சே, ராக்கெட் கதையில் ஏரிக்கு என்ன வேலை?

இரண்டாவது: 'மனிதன் விண்ணை நோக்கித் தலைநிமிர்ந்த அந்நாள் முதலாய்...' எனக்கே கொட்டாவி வருகிறது.

சரி, நேராகச் சொல்கிறேன். வரலட்சுமிக்கு ராக்கெட் பார்க்க வேண்டும். மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவள். இரண்டு தடவை மாமல்லபுரம் கடற்கரையில் புருஷனோடு நின்று வடக்கே வாயைப் பிளந்தாள். இரண்டு தடவையும் மேகம். சுற்றி எல்லோரும் 'அதோ, அதோ' என்றதும், மானம் போகுமே என்று அவளும் 'அதோ' என்றாள். கம்பெனி பஸ்ஸில் அந்தப் பொய்யைக் கதை கதையாக அளந்தும் விட்டாள். அன்றிலிருந்து உள்ளே ஒரு உறுத்தல். ஸ்ரீஹரிகோட்டாவுக்கே போய்க் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும். பதிவு செய்து இருவருக்கும் இடமும் கிடைத்துவிட்டது.

3
இங்கே ஒரு வில்லன் வேண்டும். [கிடைத்தது: காலண்டர்.]

ராக்கெட் புதன்கிழமை. புதனன்று வடக்கே சூலம்.* கணவர் தாமோதரன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். லோடு ஏற்றவே நாள் பார்க்கிற மனுஷன், பெண்டாட்டியை ரயில் ஏற்றப் பார்க்க மாட்டாரா? முன்னாலேயே போய்த் தங்கலாம் என்றால் அவளுக்கு லீவு இல்லை.

(* அந்த நாளில் அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது. பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் தோஷமில்லை. ஆனால் பால் குடித்தால் தாமோதரனுக்கு வயிறு கடமுடா. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இறங்க வேண்டிய சூளூர்பேட்டை வரை தாங்காது.)

அதனால் பரஸ்தானம். நல்ல நேரம் பார்த்து ஒரு பையை மட்டும் முன்கூட்டியே வெளியே அனுப்பிவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. திங்கட்கிழமையே பை கூடுவாஞ்சேரிக்கு, தாமோதரனின் சித்தப்பா மகன் ரவிச்சந்திரன் வீட்டுக்குப் போய்விட்டது. போகிற வழிதானே, புதனன்று எடுத்துக்கொள்ளலாம். வெறும் துணியை அனுப்பினால் சூலத்தை ஏமாற்றுவது போலாகும் என்று, பயணத்துக்கு மிக முக்கியமானதை அதில் வைத்தார்: ஸ்ரீஹரிகோட்டா வாசலில் காட்ட வேண்டிய இருவரின் ஆதார் அட்டைகள்.

[ஒரு ஆளை இவ்வளவு அசடாக ஆக்கலாமா என்று தயங்கினேன். என் மாமாவை நினைத்துக்கொண்டேன். ஆக்கலாம்.]

4
புதன் காலை போய்ப் பார்த்தால் ரவிச்சந்திரன் வீட்டில் பூட்டு தொங்குகிறது. அவனும் ராக்கெட்டுக்குப் பதிவு செய்திருந்தான். ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று பையையும் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"பை பத்திரமா கீது அண்ணி. என் பக்கத்துலதான் குந்திகினு கீது. வெளிய வந்தா திரும்ப உள்ள வுட மாட்டாங்களாம்" என்றான் போனில், ஸ்ரீஹரிகோட்டா வாசலைத் தாண்டி உள்ளே உட்கார்ந்துகொண்டு.

(போனில் ஆதார் காட்டலாமே என்று கேட்கும் புத்திசாலி வாசகருக்கு: இந்தக் கதையில் அசல்தான் கேட்பார்கள். கதை என்னுடையது.)

5
முடிவு ஒன்று: ராக்கெட் தள்ளிப்போகிறது. [சோம்பேறித்தனம்.]

முடிவு இரண்டு: தெற்கே இன்று சூலமில்லை என்று தாமோதரன் அவளை மாமல்லபுரத்துக்கே கூட்டிப்போகிறார். மேகம் விலகுகிறது. தூரத்தில் ஒரு ஒளிக்கோடு. அவள் கண்ணில் நீர் து...

இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் வரலட்சுமி கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில் விருட்டென்று எழுந்தாள். நான் எழுப்பவில்லை.

"பீச்சுல அதோன்னு சொன்னேன் பாருங்க, அது பொய்யிங்க. நான் ஒண்ணியும் பாக்கல."

தாமோதரன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானுந்தான்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வடக்கே போகும் வண்டி வந்தது. அட்டை இல்லாமல் போய் என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஏறிவிட்டார்கள். சூலமாவது மண்ணாவது.

6
ஸ்ரீஹரிகோட்டா வாசல் வரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் என் கையில் இல்லை. வாசலில் சீருடை மாட்டி உங்களைத்தான் நிறுத்தியிருக்கிறேன், வாசகரே. அதோ, வேர்த்து விறுவிறுத்து இரண்டு பேர் வருகிறார்கள். கையில் ஒன்றுமில்லை. யார் நீங்கள், அட்டை எங்கே என்று கேட்பது உங்கள் கடமைதான், தப்பே இல்லை.

ஆனால் இவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியாதா?