ஏழாம் குப்பியின் கண்ணாடி ஊசிகள்

மின்சாரம் போன மறுநொடியே ஹன்னா நுண்ணோக்கியை வாரி அணைத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். அடியிலிருந்த கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தாள். மழை மேகம் மூடுவதற்குள் ஏழாம் குப்பியை எண்ணி முடித்தாக வேண்டும்.

"கரண்டு போனா பபேடான் பேட்டையே தெருவுக்கு வந்து காத்து வாங்குது. நம்ம சயாமாவுக்கு மட்டும் லீவு இல்ல" என்றான் அண்ணன் தாமஸ், பனியனைத் தூக்கி விசிறிக்கொண்டே. ஊரார் டீச்சரம்மாவைப் பர்மிய மொழியில் கூப்பிடுவதுபோல் தங்கையைக் கூப்பிட்டால்தான் அவனுக்குக் கிண்டல் நிறையும்.

"சும்மா இருண்ணே. எண்ணிக்கை தப்பிப்போகும்."

இரண்டாயிரத்து ஆறு, ஜூன் மாதம். எங்கோ வடக்கே, பனிக்கடலில் வசந்தம் வந்து வெளிச்சம் விழுந்ததும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் கோடி கோடியாய்ப் பெருகும். அந்தக் கடல்நீரில் கெடாமலிருக்க அயோடின் ஊற்றி, பழுப்பேறிய நீரைக் குப்பிகளில் அனுப்பியிருந்தார் ஒரு நார்வேப் பேராசிரியை. எண்ணி, அளந்து, இன்று மாலைக்குள் மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த வசந்தத்தில் ஆய்வுக் கப்பலில் இடம். கடலுயிரியல் படித்துவிட்டு வேலையின்றி உட்கார்ந்திருக்கும் ஹன்னாவுக்கு வேறு கதவு எதுவும் திறக்கவில்லை.

பரீட்சை அந்தக் குப்பிகளுக்குள்ளேயே இருந்தது. ஆறும் ஏழும் ஒரே வாளியில் மொண்ட தண்ணீர். இரண்டின் கணக்கும் ஒத்துவந்தால்தான் எண்ணுகிறவளின் கண்ணை நம்புவார்கள்.

ஒத்துவரவில்லை. எத்தனை தடவை எண்ணினாலும் ஆறில் இருப்பதில் பாதிதான் ஏழில். போதாததற்கு, பாசிப் புத்தகத்தின் எந்தப் படத்திலும் இல்லாத கண்ணாடி ஊசிகள் அதில் மட்டும் நீளநீளமாய்க் கிடந்தன. அளந்து பார்த்தாள். அவற்றின் பக்கத்தில் பாசிகள் கடுகாகிவிட்டன.

"புதுசா ஒரு ஜந்துவைக் கண்டுபிடிச்சிட்டேன்னு எழுதிப்போடு. உன் பேரையே வைப்பாங்க."

"எழுதினா சிரிப்பாங்க. ஒரே வாளித் தண்ணிண்ணே. ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுல எப்படி இல்லாமப் போகும்? நீயே வந்து பாரு."

தாமஸ் அலுப்போடு எழுந்து வந்து குனிந்தான். வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை.

மேகம் வெயிலை விழுங்கியது. ஹன்னா குப்பிகளை மூடினாள்.

"போதும். கீழே இணையக் கடையில ஜெனரேட்டர் ஓடுது. என் கண்ணு சரியில்ல, இடத்தை வேற யாருக்காவது குடுங்கன்னு அனுப்பிட்டு வர்றேன்."

குடையை எடுத்துக்கொண்டு அவள் வாசற்படி தாண்டியபோது, தாமஸ் குறுக்கே வந்து நின்றான்.

"அனுப்பாதே. உன் கண்ணுல கோளாறு இல்ல."

"பின்னே?"

"பார்சலை ஏர்போர்ட்டுலேருந்து நான்தானே டாக்சியில கொண்டாந்தேன். பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டதுல ஏழாவது மூடி கழண்டு, பாதி என் லுங்கியில கொட்டிருச்சு. நீ கத்துவியேன்னு வழியில டீக்கடையில இறங்கினேன். மேசையில காசில்லாம பிளாஸ்க்குல வச்சிருப்பாங்களே பால் போடாத வெறும் டீ, நிறம் அப்படியே ஒத்துப்போச்சு. பிளாஸ்க்கைக் குப்பிக்குள்ள கவுத்தேன் ஹன்னா. அடியில கிடந்த தேயிலைத் தூசி, கொழுந்து மேல இருக்குமே அந்தப் பூனைமயிரு எல்லாம் சேர்ந்துதான் உள்ளே போச்சு. நீ பார்த்த ஊசி அதுதான்."