கைக்கு

ஹைதராபாத்தில் கொண்டாப்பூர் அடுக்ககம் ஒன்றின் இரண்டாவது மாடியில், முகமது யூசுப் டீ போட்டுக்கொண்டிருந்த காலை நேரத்தில், சமையலறைக் கூரையிலிருந்து ஒரு பெண்ணின் பாதங்கள் வெளியே வந்தன. இடது காலில் மெட்டி இல்லை. காரை உதிரவில்லை, சத்தமும் இல்லை. யூசுப் ராமச்சந்திராபுரம் ஆலைக்குக் கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எது நடந்தாலும் முதலில் வண்டியை நிறுத்திப் பழகியவர். அடுப்பை அணைத்துவிட்டு மேலே போனார். மூன்றாவது மாடியில் ரஞ்சனா முழங்கால்வரை தரைக்குள் நின்றிருந்தாள். அவள் கணவன் குமரவேல் அக்குளில் கைகொடுத்து அவளைத் தூக்கிக்கொண்டிருந்தான். கால்கள் வெளியே வந்ததும் தரை மூடிக்கொண்டது. தரை ஓட்டில் ஒரு மெல்லிய பள்ளம் மட்டும் மிஞ்சியது.

அவர்கள் கோபிசெட்டிபாளையத்திலிருந்து குமரவேலின் கம்ப்யூட்டர் வேலைக்காக வந்தவர்கள். முந்தைய மழைக்காலத்தில் ரஞ்சனாவுக்கு வந்த காய்ச்சல், போகும்போது அவள் கால்களின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போனது. நரம்பு திரும்பவும் வளரும், ஆனால் நடப்பவர்களுக்குத்தான் வளரும் என்றார் டாக்டர். தரைக்குள் இறங்குவது தன் துறை இல்லை என்றும் சொன்னார். அடுக்ககச் சங்கம் ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தது. அவர் தளத்தைத் தட்டிப் பார்த்து, கான்கிரீட் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தம்மா நிற்காமல் இருந்தால் போதும் என்றார். அது உண்மை. ரஞ்சனா கால்மாற்றி நடந்துகொண்டிருக்கும்வரை தரை தரையாகவே இருந்தது. மூச்சு வாங்க நின்றால் உள்ளங்காலின் கீழ் ஓடு முதலில் குளிரும், பிறகு இளகும், பிறகு இழுக்கும். நடந்தாலோ தொடை இரண்டும் காய்ந்த எண்ணெய் பட்டது போல எரியும். நாற்காலியை எட்டுவதற்குள் கால் செத்துவிடும்.

"இன்னும் நாலு எட்டு வெச்சுப்போடு புள்ள. மனசு இருந்தா முடியும்" என்பான் குமரவேல். மலையேறுகிறவர்கள், ஒற்றைக் காலில் ஓடுகிறவர்கள் வரும் வீடியோக்களைத் தேடித் தேடிக் காட்டுவான்.

"அவங்களுக்கெல்லாம் காலுக்குக் கீழ கல்லு இருக்குதுங்க. எனக்குச் சேறு" என்றாள் ரஞ்சனா.

அவள் கட்டிலில் படுத்துக்கொண்டாள். கட்டில் இறங்கவில்லை. அவளுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மழைக்காலம் போய்க் குளிர்காலமும் போயிற்று. அவள் கெண்டைக்கால்கள் மகள் சாஹித்யாவின் மணிக்கட்டு அளவுக்கு இளைத்தன. டாக்டர் பார்த்துவிட்டு, கோடை முடிவதற்குள் எழுந்து நடக்காவிட்டால் பிறகு நடக்கவே முடியாது என்றார். ரஞ்சனா தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நடக்க முடியாமல் போவதைவிட நின்றுவிடுவதுதான் அவளுக்குப் பயம்.

வீட்டில் யாரும் இல்லாத ஒரு நண்பகலில் ஜன்னல் மேலே போவதை அவள் பார்த்தாள். ஜன்னல் போகவில்லை, கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. கத்தினாள். கீழே யூசுப் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூரையில் நான்கு மரக்கால்கள் முளைத்ததைக் கண்டு, கையைக் கழுவிவிட்டு, குமரவேல் அவரிடம் கொடுத்துவைத்திருந்த சாவியோடு மேலே வந்தார். மெத்தை தரைமட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. எழுந்து வெளியே வராமல் அதில் மல்லாந்து கிடந்தவளைப் பார்த்து அதட்டினார்:

"கைக்கு?"

ஹைதராபாத் உருதுவில் அதற்கு 'ஏன்' என்று பொருள். அந்த ஊர் பாஷை தெரியாத ரஞ்சனா அதைத் தமிழாகவே கேட்டாள். கையைக் கேட்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டினாள். அடுத்தவர் மனைவியின் கையைப் பிடிக்க யூசுப் கூசினார். தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை அவளிடம் போட்டு, மறு முனையை இழுத்தார். அவள் தவழ்ந்து வெளியே வந்தாள். வந்த இடத்திலும் தரை குளிர்ந்தது. எழுந்தாள், நடந்தாள். யூசுப் துண்டைப் பிடித்தபடி பின்பக்கமாக நடந்து அவளை வராந்தாவுக்கு இழுத்துப்போனார். கால் தள்ளாடி அவள் நிற்கப்போனபோதெல்லாம் "கைக்கு?" என்றார். அவளும் ஒவ்வொரு முறையும் துண்டை இறுக்கிக்கொண்டு அடுத்த எட்டை வைத்தாள். குமரவேல் ஆபீசிலிருந்து வந்தபோது அவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அதன்பின் தினமும் நடந்தார்கள். நடந்துவிட்டுப் படுத்த இரவுகளில் கட்டில் இறங்கவில்லை. கெண்டைக்கால்களில் சதை வந்தது. பயம் குறையவே இல்லை. ஒவ்வொரு காலையும் அது அவளுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து, வராந்தாவில் கூடவே நடந்த சாஹித்யா சிரித்தாள். "அய்யோ அம்மா, கைக்குன்னா ஹேண்டுக்கு இல்ல. தெலுங்குல எந்துக்குன்னு அர்த்தம். ஒய்!"

ஏன்? ரஞ்சனா அதற்குப் பதில் யோசித்தாள். மகளுக்காகவா, வீட்டுக்காகவா, தனக்காகவா? எதைச் சொன்னாலும் வேறு யாரோ சொன்னது போல இருந்தது. யோசித்தபடி நின்றுவிட்டிருந்தாள். இடுப்புவரை போனபிறகுதான் சாஹித்யா கத்தினாள், யூசுப் துண்டைப் போட்டார். வெளியே வந்ததும் ரஞ்சனா மகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "எனக்கு அது கைக்குத்தான். நீ ஒண்ணும் சொல்லித் தரவேண்டாம்."

யூசுப் ஊரின் மறுகோடியில், போலாரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குக் குடிபோனார். துண்டை அவளிடம் விட்டுப் போனார். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறு முனை தரையில் புரள, அவள் தனியாக நடந்தாள். பிறகு ஒருநாள் விடிந்ததும் போலாரத்துக்குக் கிளம்பினாள். பஸ் சிக்னலில் நிற்கும் என்பதால் நடந்தே போனாள். வீட்டில் இறங்கினால் கீழே யூசுப்பின் சமையலறை இருந்தது. சாலையில் இறங்கினால் கீழே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். சாலையைக் கடக்கக் காத்திருந்த இடங்களில் வட்டமாகச் சுற்றினாள். பாதி வழியில் தொடை எரிந்து, வாய் உலர்ந்து, அழுதாள், அழுதபடியே நடந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் யூசுப் கதவைத் திறந்தார். தரையில் புரண்டு கறுத்த துண்டையும் அவளையும் பார்த்தார்.

"கைக்கு?" என்றார். இவ்வளவு தூரம் ஏன் நடந்தாய் என்றுதான் கேட்டார்.

ரஞ்சனா கையை நீட்டினாள். யூசுப் துண்டைத் தேடவில்லை, கையைப் பிடித்துக்கொண்டார். வாசல் கல் குளிரத் தொடங்கியது. அவர் மருமகள் இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்து நீட்ட, ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு, இருவரும் முற்றத்தைச் சுற்றி நடந்துகொண்டே குடித்தார்கள்.