இருவருக்கும் சேர்த்து ஒரு பங்கு

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் செங்கம்மாள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. மூன்று வரிசை பின்னால் ஆதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் புருஷன் ஒருவன்தான். தேவனேரிக் கரையில் வலை போட்ட கங்காதரன், மாசியில் காய்ச்சல் கண்டு ஐந்தே நாளில் போய்விட்டான். சொந்த உழைப்பில் வாங்கிய ஒன்றரை ஏக்கர் சவுக்குத் தோப்பும், ஆதியம்மாள் வயிற்றில் பிறந்த பத்து வயதுப் பெண் தனக்கோடியும்தான் மிச்சம்.

செங்கம்மாளுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் பதினோரு வருஷத்துக்கு முன் அவன் ஆதியம்மாளைக் கட்டிக்கொண்டான். அடுத்த மாதமே செங்கம்மாள் குப்பத்தின் தெற்கு முனையிலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கருவாடு காயவைத்துப் பிழைத்தாள். கிணற்றடியில் ஒருத்தி நின்றால் மற்றவள் குடத்தோடு தள்ளியே நிற்பாள். சவத்தின் இரு பக்கமும் உட்கார்ந்து அழுதபோதுகூட ஒருவரோடொருவர் பேசவில்லை.

காலையில் பஸ் ஏறும் இடத்துக்குக் கொழுந்தன் சின்னராசு வந்திருந்தான். ஆதியம்மாள் காதில் விழாத தூரத்துக்குச் செங்கம்மாளை அழைத்துப்போய்ச் சொன்னான்.

"அண்ணி, அவ தாலி கட்டிக்கினவ இல்லன்னு நான் மனு குடுத்துகீறேன். நீயும் ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு. தோப்பு மொத்தமும் ஒனக்கு. வெட்டறது விக்கறதுலாம் நான் பாத்துக்கிறேன்."

அவள் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். மொத்தத் தோப்பு. அண்ணன் பெண்டாட்டியின் முகம் பார்த்துச் சோறு தின்ன வேண்டாம். வழியெல்லாம் அதே நினைப்பு.

செங்கல்பட்டு தாலுகா ஆபீஸில் குமாஸ்தா பட்டாபிராமன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

"போன வருஷம் புதுச் சட்டம் வந்திருக்கு. புருஷன் உயில் எழுதாம போனா, சொத்து பொண்டாட்டிக்கும் பொண்ணுக்கும். தம்பிக்குப் பாத்தியதை இல்லே. ரெண்டு பொண்டாட்டின்னா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பங்கு. ஒத்துண்டு எழுதிக் குடுத்தேள்னா சீக்கிரம் பட்டா மாறிடும். தகராறுன்னா கோர்ட்டுதான். அதுக்குள்ளே அந்தப் பொண்ணுக்குக் காலேஜ் போற வயசாயிடும்."

பிறகு ஆதியம்மாளைக் கேட்டார். "உனக்குக் கல்யாணம் ஆனதுக்கு சாட்சி யாரும்மா?"

"திருக்கழுக்குன்றம் கோயில்ல கட்டுனாரு சாமி. எங்கப்பன் இருந்தாரு, கடல்ல போய்ட்டாரு. மாமியாரும் பூட்டாங்க." நிறுத்தினாள். "கொழுந்தன் இருந்தாரு."

"அவர்தான் இல்லேன்னு மனு போட்டிருக்காரே. வேற யார்?"

ஆதியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு யார் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

செங்கம்மாளுக்கு அந்தக் கோயில் படி கண்முன் வந்தது. முந்தின நாள் அழுது வீங்கிய முகத்தைக் கழுவிக்கொண்டு, மாமியார் சொன்னபடி தாலித் தட்டை ஏந்தி நின்றாள். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி எதிரே உட்கார்ந்து வெடவெடத்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் கோபப்பட எவ்வளவோ முயன்றாள், முடியவில்லை. தன்னை இந்த நிலைக்கு ஆளாக்கியவன் பக்கத்தில்தான் இருந்தான். அவன்மேலும் முழுசாகக் கோபம் வரவில்லை. அதனால்தான் அந்த வீட்டில் இருக்க முடியாமல் போயிற்று.

"நான் சாட்சி" என்றாள்.

குமாஸ்தா நிமிர்ந்தார். "யோசிச்சுச் சொல்லும்மா. இவ சம்சாரம் இல்லேன்னா சொத்து பூரா உனக்குத்தான்."

"தாலிய எடுத்து அவரு கையில குடுத்ததே நான்தான் சாமி. இவ அவரு பொண்டாட்டி. கொழந்த அவரு கொழந்த. எழுதிக்கோங்க."

பட்டாபிராமன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். இருவரும் கைநாட்டு வைத்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். ஒரே இருக்கைதான் கிடைத்தது. தோள் இடிக்க உட்கார்ந்து வந்தார்கள். மகாபலிபுரத்தில் இறங்கி மணலில் நடக்கும்போதுதான் ஆதியம்மாள் கேட்டாள்.

"அக்கா, ஏன் சொன்ன?"

"நடந்தத சொன்னேன்."

"அன்னிக்கு எனக்கு கை நடுங்கிச்சே, ஞாபகம் கீதா?"

"எனக்குந்தான் நடுங்கிச்சு. நீ பாக்கல."

குப்பம் தெரிந்தது. தெற்கே ஒரு தடம், வடக்கே ஒரு தடம் பிரிந்தது. சின்னராசு இனி சும்மா இருக்கமாட்டான் என்பது இருவருக்குமே தெரியும். செங்கம்மாள் தெற்கே நாலடி வைத்தவள் "ஸ்ஸ்" என்று நின்றாள். குதிகாலில் முள்.

ஆதியம்மாள் ஓடி வந்து மணலில் உட்கார்ந்தாள். கேட்காமலே அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்காகப் பாதத்தை மேற்கே திருப்பி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்த் தேடினாள். ஒற்றைக் காலில் நின்ற செங்கம்மாள் தடுமாறி, பிடிக்க வேறெதுவும் இல்லாமல், அவள் தோளில் கை வைத்தாள்.