பதினைந்துக்குப் பதினைந்து

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது: முதியோர் சங்கம் நடத்திய மனச்சோர்வுப் பரிசோதனையில் பரமலிங்கம் மாஸ்டர் பதினைந்துக்குப் பதினைந்து எடுத்து, ஊருக்கே முதலாவதாக வந்துள்ளார்!

தலைவர் கதிரவேலர் ஒலிவாங்கியில் முழங்க, சபை கைதட்டியது. கேள்வித்தாள் ஒன்றைக் கண்டால் புள்ளி போடாமல் இருக்க அந்த ஊரால் முடியாது. தாதி வித்தியா தாள்களை வாங்கிப் பார்க்குமுன்னே தலைவர் ‘ஓம்’, ‘இல்லை’ என்ற விடைகளில் ‘ஓம்’களை மட்டும் எண்ணி முடித்து, மாஸ்டருக்குப் பொன்னாடையும் போர்த்திவிட்டார்.

மனைவி செத்து ஒரு வருடம், பிள்ளைகள் கனடாவில், முழங்கால் வலி, நித்திரையில்லை. மாஸ்டர் எல்லாவற்றுக்கும் உண்மையாக ‘ஓம்’ போட்டிருந்தார். ‘இனி ஏன் உயிரோடு இருக்கவேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்ற கடைசிக் கேள்விக்கும்தான். யாராவது வாசிப்பார்கள் என்றொரு நப்பாசை.

தாள்களைப் புரட்டிய வித்தியா பதறி எழுந்தாள். “ஐயா, உந்தப் புள்ளி கூடினால் ஆபத்து! குறையவேணும்!” என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, மாஸ்டருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

“கடைசிக் கேள்விக்கும் ஓம் எண்டு போட்டிருக்கிறியள். எப்ப தொடக்கம் மாஸ்டர்?”

“அதை வாசிச்சனியோ பிள்ளை?” மாஸ்டருக்குக் கண் கலங்கியது. “அவ போன நாள் தொடக்கம்.”

“நாளைக்கு நானே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறன். இண்டைக்கு எங்கடை வீட்டிலை சாப்பாடு.”

ஒலிவாங்கி மறுபடி கரகரத்தது. குறைந்த புள்ளிக்கே வெற்றி என்று விளங்கிக்கொண்ட தலைவர், முடிவைத் திருத்தி அறிவித்தார். பொன்னாடை, பூச்சியம் எடுத்த தலைவருடைய தோளுக்கே போனது.

அவர் தன் தாளில் பெயரை மட்டும்தான் எழுதியிருந்தார்.