பாசி தின்ற தினைக்குருவிகள்

பெயர்தான் தினைக்குருவி. ஆசியா பீவி புடைத்துத் தூசி நீக்கித் தட்டில் வைத்த தினையை நாலு நாளாக ஒன்றுகூடச் சீண்டவில்லை. எல்லாம் கொல்லைச் சுவரைத் தாண்டிப் போய், கொழுந்தன் பெண்டாட்டி ஹாஃபிஸாவின் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து, உள்ளே படர்ந்த பச்சைப் பாசியை நூல் நூலாக இழுத்துத் தின்றன. தினை கசந்து பாசி இனிக்கிறதாம், கொழுப்புதானே!

விருதுநகரில் மிளகாய் மண்டி வைத்திருப்பவர் மனைவிக்குக் குருவி ஒரு பெரிய காரியமா? காரியம் குருவி இல்லை, ஏழு வயது மகள் அப்சானா. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூடக் கழற்றாமல் "சாச்சி" என்று சித்தி வீட்டுக்கு ஓடிவிடுவாள். அங்கிருந்து இரண்டு பேர் சிரிப்பும் கேட்கும். பிள்ளையில்லாதவள், குருவியைக் காட்டி என் பிள்ளையை வளைத்துப் போடுகிறாள் என்று ஆசியாவுக்கு வயிறு எரியும். "சாச்சி வச்ச பருப்புதாம்மா ருசி" என்று மகள் ஒருநாள் சொன்னதில் அன்றைய சோறு அவளுக்கு இறங்கவில்லை.

நோன்பு பிறக்க மூன்று நாள். தெருவே வீடு கழுவிக்கொண்டிருந்தது. ஹாஃபிஸா தாயைப் பார்க்கக் காரியாபட்டி போயிருந்தாள். அவள் புருஷன் ரியாஸ் மிளகாய் லோடோடு வடக்கே போய் எட்டு நாள். ஆசியா பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நாருமாக இறங்கி, தொட்டியைத் தேய்த்துப் பளிங்காக்கிவிட்டாள். நோன்புக்குக் கழுவியதை யார் குற்றம் சொல்ல முடியும்?

சாயங்காலம் திரும்பிய ஹாஃபிஸா தொட்டியருகே நெடுநேரம் நின்றாள்.

"நீங்களாக்கா கழுவுனீக?"

"நோம்பு வருதுல்ல. ஒத்தையில நீ எம்புட்டுதான் பாப்ப?"

"நல்லதுக்கா" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் குருவிகள் வந்தன, வெள்ளைத் தொட்டியைச் சுற்றின, பறந்துபோயின. அதற்கடுத்த நாள் வரவே இல்லை. ஆசியாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மகளுக்குப் பிடித்த பணியாரம் சுட்டு வைத்தாள்.

நினைத்தபடியே அப்சானா நேராக வீட்டுக்கு வந்தாள். பையை இறக்கினாள். பணியாரத்தைத் திரும்பியும் பாராமல், தலையணையையும் மறுநாள் சீருடையையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கினாள்.

"எங்கனடி போற?"

"காலையில நான் பள்ளிக்கூடம் போறப்பவே சாச்சி அழுதுக்கிட்டு இருந்துச்சும்மா. குருவியும் போயிருச்சு, சாச்சாவும் ஊர்ல இல்ல. இனிமே நான் அங்கனயே படுத்துக்கிறேன்."

"அப்ப அம்மாவுக்கு?"

அப்சானா கொஞ்சம் யோசித்தாள்.

"நீ எதுக்கும்மா அழப்போற?" என்று கேட்டுவிட்டு, பின்வாசல் வழியே போனாள்.